விற்ற கெப்பாசிட்டரைத் திரும்பக் கேட்டு வந்தவர்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்து, பிளேன்டீ குடித்துவிட்டு, தொழிற்சாலைக்குப் போகும் வழியில் மழைமானியைப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டேன். இரவு முழுக்கக் கொட்டியிருந்தது. பிறகு முந்தைய நாள் கொழுந்தின் நிறையைச் சரிபார்த்து, விறகு லொறிக்காரருக்குச் சிட்டை எழுதி வைத்தேன். பசறை வீதியில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் நான் எழுதுவினைஞர். என் காலைகள் எல்லாமே இந்த ஒழுங்கில்தான் தொடங்கும். அன்று ஒரு வேலை மட்டும் கூடுதலாக இருந்தது. பதுளைக்குப் போய் ஒரு கெப்பாசிட்டர் வாங்கி வர வேண்டும்.

அது எதற்கென்று சொல்லிவிடுகிறேன். பெரிய மோட்டர்கள், வேலைக்கு வேண்டிய மின்சாரத்தோடு, தம்முள் காந்தத்தை உண்டாக்குவதற்கென்றும் கொஞ்சம் மின்சாரத்தை இழுக்கும். அது கம்பி வழியே வரும், திரும்பிப் போகும்; வேலை எதுவும் செய்யாது. ஆனாலும் அந்தப் போக்குவரத்துக்குக் கட்டணத்தில் இடமுண்டு. மோட்டர் பக்கத்திலேயே ஒரு கெப்பாசிட்டரைப் பொருத்தினால் அந்தத் தேவையை அதுவே கவனித்துக்கொள்ளும். பில் குறையும். பக்கத்துத் தோட்டங்களில் பொருத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் மெனேஜரும் சரி என்றார்.

எங்கள் தொழிற்சாலையில் இன்னொரு சங்கதியும் உண்டு. கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் எல்லாவற்றையும் கூரைக்குக் கீழே ஓடும் ஒரே நீண்ட இரும்புத் தண்டுதான் சுற்றுகிறது. அந்தத் தண்டின் ஒரு முனையில் மின்மோட்டர். மறுமுனையில், ஓடைத் தண்ணீரில் ஓடும் பழைய டர்பைன். மின்கட்டணம் ஏறியபோது, துருப்பிடித்துக் கிடந்த அந்த டர்பைனைத் திருத்தி எடுத்தோம். மழைக்காலத்தில் தண்ணீர், வெயில் காலத்தில் மின்சாரம் என்று ஆகிவிட்டது. மோட்டரையும் தண்டையும் இணைக்கும் பெல்ட் அகலமானது, நல்ல பாரம். அதனால் தண்ணீரில் ஓடும் நாட்களில் அதைக் கழற்றுவதில்லை. மோட்டரின் சுவிட்சை மட்டும் நிறுத்திவிடுவோம். மோட்டரும் தண்டோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

மோட்டரின் இணைப்புகளை இறுக்குவது, வயர் மாற்றுவது போன்ற வேலைகளையும் எங்கள் எலக்ட்ரீஷியன் அந்த நாட்களில்தான் வைத்துக்கொள்வார். மின்சாரம் நிறுத்தியிருக்கும், தேயிலை வேலையும் தடைப்படாது. இத்தனை காலமாக அப்படித்தான் நடந்தது. ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரின் மின்சாதனக் கடை இருக்கிறது. அன்றுதான் முதன்முதலாக அங்கே போனேன். நானாவுக்கு அறுபது வயது இருக்கும். பருத்த உடம்பு, வெள்ளைச் சாரம், மூக்கின் நுனியில் கண்ணாடி. எலக்ட்ரீஷியன் எழுதித் தந்த துண்டைப் படித்துவிட்டு அவர் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. மோட்டர் எத்தனை குதிரைவலு, பழையதா புதியதா, எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டுக்கொண்டே போனார்.

"ஸ்டொக்ல பெரிசு ஒண்ணுதான் இருக்கு தங்கச்சி. சின்னது வாற கிழமைதான் வரும்" என்றார்.

"பெரிசா இருந்தா இன்னும் நல்லதுன்னு எங்க எலக்ட்ரீஷியன் சொன்னாரு நானா."

அவர் உடனே எடுத்துத் தந்துவிடவில்லை. யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். பதில் இல்லை. அரை மனதோடு பெட்டியைக் கட்டினார். கட்டும்போது, மழைக்குத் தொழிற்சாலை ஓடுகிறதா என்று பேச்சுக்குக் கேட்டார். நானும் பேச்சுக்குத்தான் சொன்னேன்.

"இப்ப எல்லாம் தண்ணியிலதான் ஓடுது நானா. மோட்டர் சும்மா கூடச் சுத்திக்கிட்டு இருக்கு. பெரட்டுல பேரக் குடுத்துட்டு மலைக்குப் போகாத ஆள் மாதிரி."

அவர் குலுங்கிச் சிரித்தார். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது. நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதியத்துக்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். தொழிற்சாலைக்கு ஏறும் வழியில் மண் சரிந்து கிடந்ததால் கீழ் வளைவிலேயே இறங்கி நடக்க வேண்டியிருந்தது. எலக்ட்ரீஷியன் வாசலிலேயே காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கைசுத்தமான வேலைக்காரர், வாய் மட்டும் ஓயாது. அவருடைய மனைவி அதே தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் பண்ணாத நாளில்லை.

"வாங்கக்கா. புது ஆளக் கூட்டிட்டு வந்துட்டீங்களா? பொழுதுக்குள்ள இவனுக்கு வேலை குடுத்துறலாம்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

நான் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். அவர் கெப்பாசிட்டரை மோட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பொருத்தி, அதிலிருந்து வயரை இழுத்து, மோட்டரின் இணைப்புப் பெட்டி வரை கொண்டுவந்தார். தண்டு ஓடிக்கொண்டிருந்தது. மோட்டரும் கூடச் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சை நிறுத்தி, பியூஸ்களையும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த விஷயத்தில் அவர் எப்போதும் கவனமானவர். இனி இணைப்புப் பெட்டிக்குள் வயர்களை மாட்டி இறுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் என் ஜன்னலுக்கு வெளியே ஒருவர் மூச்சிரைக்க ஓடுவதைக் கண்டேன். முழங்கால் வரை சேறு. ஒரு கையில் செருப்பு, மறு கையில் தூக்கிப் பிடித்த வெள்ளைச் சாரம். கடைக்கார நானா!

எழுந்து பின்னால் ஓடினேன். அவர் யாரையும் கேட்கவில்லை. நேராக இயந்திரங்கள் ஓடும் கூடத்துக்குள் நுழைந்து, சுற்றிப் பார்த்து, மோட்டரைக் கண்டுபிடித்துவிட்டார். கத்தினார். இயந்திரங்களின் சத்தத்தில் யார் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. எலக்ட்ரீஷியன் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தார். நானா போய், தரையில் கிடந்த அந்த வயரின் நடுப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். எலக்ட்ரீஷியனின் கையிலிருந்த முனைகள் உருவிக்கொண்டு வந்தன.

எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒரு பருத்த மனிதர், சேறும் வியர்வையுமாக, வயரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இது என்ட சாமான்! நான் இத விக்கல! திருப்பித் தாங்க!" என்று நானா அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினார்.

விலையில் ஏதோ தகராறு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உருட்டு இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து, நானாவைக் கையைப் பிடித்துக் கொழுந்து லொறி நிற்கும் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். நானா வயரை விடவே இல்லை. அந்த நீளம் போதாமல் சுவரிலிருந்த கெப்பாசிட்டரே ஆட்டம் கண்டது. எலக்ட்ரீஷியன் முணுமுணுத்துக்கொண்டே மறுமுனையைக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் நானா நகர்ந்தார்.

படிக்கட்டில் தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்ன விவரம் இது. வித்தியாசமாக ஏதாவது விற்றால், அளவு சரிதானா என்று தனக்குத் தெரிந்த ஓர் இன்ஜினியர் அம்மாவிடம் கேட்பது அவர் வழக்கம். மொனராகலைப் பக்கம் வேலை செய்பவர். காலையில் அவர் போனை எடுக்கவில்லை. நான் கடையை விட்டுக் கிளம்பிய பிறகு அவரே திருப்பி அழைத்தார். நானா மோட்டரின் அளவைச் சொன்னதும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த மோட்டரை வேற ஏதாவது சுத்துமா?" என்பது. நானாவுக்கு என் பெரட்டுப் பகிடி நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே அதை அந்த அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் சிரிப்பு வரவில்லை.

"மோட்டரை வெளிய இருந்து சுத்தினா, அது ஜெனரேட்டர் மாதிரி ஆகிடுமாம். கெப்பாசிட்டர் இல்லாட்டி ஒண்ணும் நடக்காதாம். கெப்பாசிட்டரும் கூட இருந்தா லைன் கரண்டே வேணாமாம், தானாவே கரண்ட் எடுக்குமாம். பெரிய கெப்பாசிட்டர்னா இன்னும் மோசமாம். உடனே நிப்பாட்டுங்கன்னு சொன்னாங்க" என்றார் நானா.

அவரிடம் என் தொலைபேசி எண் இல்லை. பில்லில் தோட்டத்தின் பெயர்தான் இருந்தது. தோட்டத்து அலுவலகத்துக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். மழைக்கு அந்த லைன் செத்துக் கிடந்தது. கடையில் ஆட்கள் நிறைய நின்ற நேரம். அவர்களை வெளியே அனுப்பி, கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார். மண்சரிவில் ஓட்டோ நின்றுவிட்டது. மிச்சத் தூரத்தை ஏற்றத்தில் ஓடியே வந்திருக்கிறார்.

எலக்ட்ரீஷியனுக்கு நம்பிக்கை வரவில்லை. "நானா, நான் இந்த மோட்டர் சுத்தும்போதே எத்தன தடவ கைய விட்டிருக்கேன் தெரியுமா? கரண்ட் இல்லாத மோட்டர்ல கரண்ட் எங்கருந்து வரும்? ஓடைத் தண்ணியில கலந்து வருதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். அவருடைய மனைவியும் சலிக்கும் அறையிலிருந்து வந்து நின்றிருந்தார்.

நானா கோபப்படாமல் அந்த அம்மாவுக்குப் போன் போட்டார். "எனக்கும் தெரியாது பாஸ். நான் கடைக்காரன். ஆனா தெரிஞ்ச ஆள் லைன்ல இருக்காங்க. நீங்களே பேசுங்க" என்று போனை நீட்டினார். எங்கள் தொழிற்சாலையில் போன் வேலை செய்யும் ஒரே இடம் அந்தப் படிக்கட்டுதான்.

இன்ஜினியர் அம்மா எலக்ட்ரீஷியனைக் கடிந்துகொள்ளவில்லை. கெப்பாசிட்டர் இல்லாத வரையில் அவர் செய்ததில் ஒன்றும் ஆகாமல் போனது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். பொருத்தாமல் விட்டுவிடுங்கள், அது போதும் என்றார். எலக்ட்ரீஷியன் விடவில்லை. கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றார். கடைசியில், செய்துதான் பார்ப்பது என்றால் இப்படிச் செய்யுங்கள் என்று அந்த அம்மா ஒவ்வொன்றாகச் சொன்னார். டீமேக்கர் அதை அப்படியே நடத்தினார்.

உருட்டிக்கொண்டிருந்த கொழுந்து முடியும் வரை காத்திருந்தோம். பிறகு தண்ணீரை அடைத்தார்கள். தண்டு நின்றது. எல்லாம் அசையாமல் நின்ற பிறகு, கெப்பாசிட்டரை மோட்டரோடு இணைத்தார்கள். ஒரு பலகையில் இரண்டு குண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டி, அதன் வயரையும் அந்த இணைப்பிலேயே கொடுத்துப் பெட்டியை மூடினார்கள். மற்ற இயந்திரங்களின் பெல்ட்டுகளை விலக்கிவிட்டார்கள். கூடத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்றோம். தண்ணீர் அடைக்கும் சக்கரத்தில் ஒருவர் கை வைத்துத் தயாராக நின்றார்.

எலக்ட்ரீஷியன் சட்டைப்பையிலிருந்த பியூஸ்களை எடுத்து நானாவின் உள்ளங்கையில் வைத்தார். "இந்தாங்க நானா. மோட்டரோட கரண்ட் முழுசா உங்க கையிலதான் இருக்கு. பத்திரம்."

தண்ணீரைத் திறந்தார்கள். தண்டு மெதுவாக அசைந்து, வேகம் பிடித்தது. பல்புகள் இருட்டாகவே இருந்தன. எலக்ட்ரீஷியன் நானாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நானாவின் முகம் சுருங்கிப்போனது. எனக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

தண்டு முழு வேகத்துக்கு வந்தது. பல்புக்குள் இழை சிவந்தது.

முதலில் நெருப்புக் கங்கு போல. நான் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் மஞ்சள். பிறகு வெள்ளை. வழக்கமாக எரியும் அளவையும் தாண்டி, பார்க்க முடியாத வெள்ளை. கூடத்தின் சுவரெல்லாம் வெளிச்சம் அடித்தது. டீமேக்கர் "அடை! தண்ணிய அடை!" என்று கத்தினார். அதற்குள் ஒரு பல்பு பட்டென்று வெடித்து, இரண்டும் அணைந்தன.

பியூஸ்கள் நானாவின் கையில் இருந்தன. அவர் கையை விரித்து அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்டு மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

எலக்ட்ரீஷியன் அப்படியே ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். தன் விரல்களை விரித்துப் பார்த்தார். "ரெண்டு கையையும் இதுக்குள்ளதானே விட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அவருடைய மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "எந்தக் கரண்டும் என்னப் பாத்தா ஒதுங்கிப் போகும்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். இப்ப வாயத் தொறங்க பாப்போம்" என்றார். கிண்டலாகத்தான் தொடங்கினார். ஆனால் கணவரின் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தார். பிடியை விடவே இல்லை. மற்றவர்கள் கலைந்து போன பிறகும் அப்படியே நின்றார்.

இன்ஜினியர் அம்மா போனில் காத்திருந்தார். எல்லாம் நின்ற பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம், கொஞ்ச நேரம் விட்டு, மீட்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள் என்றார். எலக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அப்படியே செய்தார். பிறகு இருவரும் நெடுநேரம் பேசினார்கள். எங்கள் மாதிரி இடத்தில் கெப்பாசிட்டரை மோட்டரோடு நேரே கட்டக் கூடாது, மெயின் போர்டில் தனிச் சுவிட்ச் வைத்துப் பொருத்த வேண்டும், மோட்டர் நிற்கும்போது அதுவும் பிரிந்து நிற்க வேண்டும் என்றார். மோட்டர் பாரமில்லாமல் ஓடும்போது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்த பிறகே அளவைத் தெரிவு செய்ய வேண்டும், பெரிதாக இருந்தால் நல்லது என்பது இதில் செல்லாது என்றும் சொன்னார். தண்ணீரில் ஓடும் நாட்களில் எவ்வளவு சிரமமானாலும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். எலக்ட்ரீஷியன் ஒவ்வொன்றுக்கும் "சரிங்கம்மா" என்றார். அவர் ஒருவரிடம் இவ்வளவு அமைதியாகப் பேசி நான் பார்த்ததில்லை.

நானா கை கால் கழுவிக்கொண்டு, தொழுவதற்குச் சுத்தமான இடம் கிடைக்குமா என்று கேட்டார். சாமான் அறையை ஒதுக்கி, தேயிலை பொதி செய்யும் புதுத் தாளைத் தரையில் விரித்துக் கொடுத்தேன். தொழுது முடித்து வந்தவருக்கு டீமேக்கர் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அன்று உருட்டிய கொழுந்தைவிட நல்ல தேயிலையாகத் தேடி எடுத்திருந்தார்.

கீழ் வளைவு வரை நானாவோடு நடந்தேன். மழை விட்டிருந்தது. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "நானா, உங்களுக்கே நிச்சயமாத் தெரியாதுன்னு சொன்னீங்க. அந்த அம்மா சொன்னத மட்டும் வச்சு எப்படிக் கடையப் பூட்டிட்டு வந்தீங்க?"

அவர் செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னார். "பிழையா இருந்தா என்ன தங்கச்சி? நாலு பேர் சிரிச்சிருப்பாங்க. நான் வெக்கத்தோட திரும்பிப் போயிருப்பேன். அவ்வளவுதானே. சரியா இருந்து, நான் வராம கடையில குந்திக்கிட்டு இருந்திருந்தா?"

பல்பு எரிவதற்கு முன் அவர் முகம் சுருங்கிப்போனதை நினைத்துக்கொண்டேன். அந்தக் கொஞ்ச நேரம், எல்லார் முன்னாலும் தான் பைத்தியக்காரனாக நிற்கப்போகிறோம் என்று அவர் உண்மையாகவே நம்பியிருப்பார். ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை. எனக்கு அவரிடம் இன்றைக்கும் வியப்பாக இருப்பது அதுதான். மின்சாரத்தைப் பற்றி அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு அவருக்குத் தெரியாது. எங்கள் எலக்ட்ரீஷியனுக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாது. தன் கையால் விற்ற பொருள் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் தலையை வெளியே நீட்டினார். "அந்தப் பல்பு வெடிச்சதே, அது என் கடைப் பல்பு இல்லையே?" என்று கேட்டுவிட்டு, குலுங்கிச் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை, தண்ணீரைத் திறப்பதற்கு முன் முதல் வேலையாக எலக்ட்ரீஷியன் அந்தப் பெல்ட்டைக் கழற்றினார். தனி ஆளால் முடியவில்லை. டீமேக்கர் ஒரு பக்கம் பிடித்தார். நானும் பிடித்தேன். சுவரில் மாட்டி முடித்த பிறகு எலக்ட்ரீஷியன் படிக்கட்டில் போய் நின்று பதுளைக்குப் போன் எடுத்தார். "நானா, பெல்ட் கழட்டியாச்சு. இனித் தண்ணி தொறக்கலாமா?" என்றார். அப்படி யாரும் அவரைக் கேட்கச் சொல்லவில்லை. பிறகுதான் தண்ணீர் திறந்தோம். அன்றிலிருந்து, ஒன்றில் ஆபத்து இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வரும்போது, பிழையாகிப் போனால் சிரிப்பார்களே என்று நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.